சீர் செய்தாச்சு, கையெழுத்துப் போடு!

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, என் அண்ணன் பழம், பூ, பட்டுப்புடவையோடு வீட்டுக்கு வந்தார். காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். "ஒண்ணுமில்லைம்மா, நம்ம ஊர் வீடும் நாலு மா நிலமும். தங்கச்சி ஒத்துக்கிட்டா. நீயும் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டா ரிஜிஸ்தர் பண்ணிடலாம்" என்றார். நான் பேனாவைத் தேடப் போனேன். லீவுக்கு வந்திருந்த என் மகள், "அம்மா, ஒரு நிமிஷம்" என்று கையைப் பிடித்துவிட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்த யோசனைதான் இந்தக் கடிதம். எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது. எங்கள் குடும்பத்தில் நாலு தலைமுறைப் பெண்களைப் பார்த்துவிட்டேன். பெண்ணுரிமை என்றால் என்ன என்று கேட்டால் நாலு பேரும் நாலு பதில் சொல்வார்கள்.

என் பாட்டிக்குப் பன்னிரண்டு வயதில் கல்யாணம். பெண்ணுக்குப் பதினாலு வயதாவது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டம் 1929-லேயே வந்துவிட்டது. அதே 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1927-ல், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். இவ்வளவும் நடந்த காலத்தில்தான் பாட்டி மணையில் உட்கார்ந்தார். சேதி எதுவும் எங்கள் ஊர் வரை வரவில்லை. "பொண்ணுங்க நாலு எழுத்துப் படிக்கணும்" என்பதுதான் பாட்டியின் அதிகபட்ச ஆசை.

அம்மா அஞ்சாங்கிளாஸ் வரை படித்தார். எங்களைப் பள்ளிப் படிப்பு முழுக்கப் படிக்க வைத்தே தீருவேன் என்று நின்றார். அதுதான் அவர் நடத்திய போராட்டம். சொத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போனால் மகளுக்கும் சம பங்கு உண்டு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மட்டும் பிறப்புரிமை மகனுக்குத்தான் என்று விட்டுவைத்தது.

எங்கள் தலைமுறைக்கு வரதட்சணைதான் பெரிய பிரச்னை. ஸ்டவ் வெடித்த செய்தி இல்லாமல் பேப்பர் வராத காலம் அது. கைநீட்டி அடிக்காத புருஷன், வேலைக்குப் போக அனுமதி, இவ்வளவு கிடைத்தால் போதும் என்று நினைத்தோம். 'அனுமதி' என்ற வார்த்தை அப்போது உறுத்தவே இல்லை.

1989-ல் தமிழக அரசு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. எனக்கு 1986-ல் கல்யாணம், தங்கைக்கு 1991-ல். ஒரே வயிற்றில் பிறந்த அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை! 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்த மத்திய சட்டத் திருத்தத்தில்தான் இந்தப் பேதம் போனது. கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆக, சட்டம் வந்தாகிவிட்டது. அப்புறம் ஏன் நான் பேனாவைத் தேடினேன்? பயம்தான். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் போய் நிற்கப் பிறந்த வீடு வேண்டாமா? பொங்கல் சீர் நின்றுவிடுமோ, பேரன் காதுகுத்துக்குத் தாய்மாமன் வராமல் போய்விடுவாரோ! நம்மில் பலர் போடுகிற கையெழுத்துக்கு இந்தப் பயம்தான் காரணம்.

என் மகள் தலைமுறை வேறு மாதிரி. வீட்டு வேலைக்கே கணக்குக் கேட்கிறாள். வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிஷம் செலவழிக்கிறாள், செய்கிற ஆணோ 88 நிமிஷம்தான் என்று மத்திய அரசின் 2024-ம் வருஷ நேரப் பயன்பாட்டு சர்வே சொல்கிறதாம். குடும்பத் தலைவியின் வீட்டு உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான் என்று 2023 ஜூனில் சென்னை ஹைகோர்ட் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னதையும் எடுத்துக் காட்டினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்து ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்! "அத்தை கையெழுத்துப் போட்டப்போ நீ என்னம்மா சொன்னே?"

எனக்கு வாயடைத்துவிட்டது. 1998-ல் என் நாத்தனார் எங்களுக்கு இதே மாதிரி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது 1992-ல். சட்டப்படி அவளுக்குப் பங்கு இருந்தது. "அதான் சீர் செய்தாச்சே" என்று என் மாமியார் சொன்னபோது, நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். மகளாக இருக்கும்போது ஒரு நியாயம், மருமகளாக இருக்கும்போது ஒரு நியாயம்! மூணு தலைமுறையாக சட்டம் ஒரு கையால் கொடுத்ததை, வீட்டுப் பெண்களான நாமே இன்னொரு கையால் வாங்கி வைத்துக்கொண்டோமோ என்று தோன்றியது.

அண்ணனிடம், "முதல்ல என் பேரும் போட்டுப் பாகம் எழுதுங்கண்ணே. அப்புறம் நான் கொடுக்கறதா இருந்தா மனசாரக் கொடுக்கிறேன்" என்றேன். புடவையை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். இன்னும் போன் வரவில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நாத்தனார் விஷயத்தை என் கணவரிடம் எடுத்திருக்கிறேன். 1998-ல் பதிவான பத்திரத்தை 2005-ம் வருஷத் திருத்தம் தொடாது. ஆனால் மனசாட்சிக்கு அந்தத் தேதிக் கணக்கு கிடையாதே! ஊர்க்கோடியில் இருக்கும் மனையையாவது அவள் பேருக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றேன். "பார்க்கலாம்" என்றிருக்கிறார். நான் விடுவதாக இல்லை.

தோழிகளே, உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் பழத்தட்டோடு பத்திரம் வரும். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். உங்கள் நாத்தனார் போட்ட கையெழுத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

- ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்.