ஜெனரேட்டருக்கு இடம் இருக்கிறதா?

ராணிப்பேட்டையில் தொடங்கி வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள், காற்றை முகர்ந்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தோலில் இருந்து முடி நீக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவு தேங்கிய தொட்டியில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் திரும்பி வராத கதைகளைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. 'நாற்றம் வந்தால் விலகு' என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெனரேட்டர் விஷயத்தில் இந்தப் பாடம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. முதலில் தலைவலி, குமட்டல், அசதி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், 'வெக்கை ஒத்துக்கலை' என்று சொல்லிப் படுத்துவிடுவார்கள். தூங்குகிறவருக்கு அந்த அறிகுறியும் தெரியாது.

 இரவு கரன்ட் போனதால் வீட்டுக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போனது உண்டு.

அதனால் கடைக்குப் போய் 'எத்தனை கே.வி.ஏ. வாங்கலாம்?' என்று கேட்பதற்கு முன்னால், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். இயந்திரம் எங்கே நிற்கும்? வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில், கதவு ஜன்னலில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி நிற்க வேண்டும். புகைக்குழாய் யார் வீட்டையும் பார்த்திருக்கக் கூடாது. இந்தக் கணக்கில் பக்கத்து வீட்டு ஜன்னலும் சேர்த்தி. மாடிப்படிக்கு அடியில், கார் நிறுத்தும் இடத்தில், பால்கனியில் வைப்பதெல்லாம் வீட்டுக்குள் வைப்பதற்குச் சமம். வானம் தெரிகிறதே என்று பழைய வீடுகளின் முற்றத்தில் வைப்பவர்களும் உண்டு. நான்கு பக்கமும் அறைகள் இருக்கும்போது புகை நேராக மேலே போகும் என்று யார் உத்தரவாதம் தருவது? ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும், ஃபேன் போட்டால் புகை போய்விடும் என்பதும் அதே ரகம்.

'சைலன்ட்' மாடல்தானே, உள்ளே வைக்கலாம் என்பார்கள். அந்த மூடி அடக்குவது சத்தத்தை, புகையை அல்ல. புதிய டீசல் ஜெனரேட்டர்களுக்கு 2023 ஜூலை 1 முதல் புகை விதிகள் கடுமையாகியிருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த லேபிளும் அதை வீட்டுக்குள் வைக்கச் சொல்லும் அனுமதிச் சீட்டு இல்லை.

மழைக்காலம் இன்னும் சோதனை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க முடியாது. கொட்டும் மழையில் கரன்ட் போனதும் நனைகிறதே என்று இயந்திரத்தை உள்ளே இழுக்கத்தான் கை போகும். வாங்கும்போதே, தண்ணீர் ஏறாத உயரத்தில் சிமென்ட் மேடையும், நான்கு பக்கமும் திறந்த கூரையும் கட்டிவிட்டால் அந்த யோசனையே வராது.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் 20 அடிக்கு எங்கே போவது? அப்படியானால் ஜெனரேட்டர் வேண்டாம். இதில் சமாதானத்துக்கு இடமில்லை. வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கும் பெண்ணுக்குத் தேவை நல்ல வெளிச்சமும் ஒரு ஃபேனும். 150 ஏ.ஹெச். பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருந்தால், இரண்டு ஃபேன், நான்கு எல்.இ.டி. பல்புகளை ஐந்து மணி நேரம் போல ஓட்டலாம். பேட்டரிக்குக் காற்றோட்டமும், அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டரும் வேண்டும், அவ்வளவுதான்.

ஜெனரேட்டர் உண்மையிலேயே தேவைப்படும் வீடுகள் வேறு. சிகிச்சை முடிந்து ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோடு வீடு திரும்பியவர் இருக்கலாம். ஐந்து லிட்டர் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். அதே பேட்டரி மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். இவர்கள் கையோடு ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வைத்திருப்பது நல்லது. ஜெனரேட்டரும் சில நாள் கிளம்ப மறுக்கும்.

அளவு பார்ப்பது சுலபம். பொதுவாக ஒரு கே.வி.ஏ.க்கு 800 வாட். ஒரே நேரத்தில் ஓட வேண்டியவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மோட்டாரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் ஒரு கிலோவாட் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல மூன்று மடங்கோ அதற்கு மேலோ கேட்கும். அதனால் போர்வெல் மோட்டார் இருந்தால், அதன் விவரத்தை எழுதிக்கொண்டு போய்க் கடையில் காட்டுங்கள்.

பெட்ரோல் ஊற்றுவது இன்ஜின் ஆறிய பிறகு. ஷூ ஒட்டும் சொல்யூஷன் டப்பா வீட்டில் இருந்தால், அதுவும் பெட்ரோல் போலப் பற்றிக்கொள்ளும் சரக்கு. இரண்டையும் இயந்திரத்தின் பக்கம் அண்டவிடக் கூடாது.

கடைசியாக ஒயரிங். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் சொருகி, வீடு முழுக்க வெளிச்சம் வரவைப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரன்ட் மீட்டரைத் தாண்டித் தெருவுக்கும் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகவும் கூடும். லைன் அணைந்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஒருவர் ஏறியிருப்பார். வாரியத்தின் கரன்ட், ஜெனரேட்டர் கரன்ட் இரண்டில் ஒன்று மட்டுமே வீட்டுக்குள் வரும்படி பூட்டுகிற சேஞ்ச்-ஓவர் சுவிட்சை, எர்த்தோடு சேர்த்து, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். பொருத்தியதும் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தத் தெருக் கம்பத்தில் ஏறுகிறவர் எச்சரிக்கையாக இருக்க முடியும்.