வடிவு என்று பெயர் வைத்தால் என்ன?

மணலியை அடுத்த மாத்தூரில் ஒரு வீடு. பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் வைப்பதில் சண்டை!

"பாட்டி பெயரையே வையுங்கள்" என்கிறார் தாத்தா.

"வடிவாம்பாளா? பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களே, மாமா!" என்கிறாள் மருமகள்.

பாட்டி வாய் திறக்கவில்லை. கடைசியில் 'ஷா' என்றோ 'ஸ்ரீ' என்றோ முடியும் பெயர் பதிவாகிறது. இது பல வீடுகளில் நடக்கிற கதை.

அம்மன் பெயர்

வடிவு என்ற பெயர் எங்கிருந்தோ வந்ததல்ல. பக்கத்துத் திருவொற்றியூர் தியாகராசர் கோவிலில் குடியிருப்பவள் வடிவுடையம்மன். இங்கே 'உடை' என்றால் துணி அல்ல. உடையவள் என்று பொருள். வடிவு என்றால் அழகு. அழகை உடையவள் வடிவுடையாள்!

பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால், காலையில் மேலூர் திருவுடையம்மன், பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் கும்பிடுவது வழக்கம்.

சோறு போட்ட அண்ணி

1823-ல் பிறந்த இராமலிங்க வள்ளலார், சென்னை ஏழுகிணறு பகுதியில் வாழ்ந்தபோது திருவொற்றியூருக்கு நடந்தே போவார். இந்த அம்மன்மீது 'வடிவுடை மாணிக்க மாலை' பாடினார்.

ஓர் இரவு அவர் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. பசியோடு திண்ணையில் படுத்தார். அம்மனே அண்ணி உருவில் வந்து சோறு போட்டாள் என்று சொல்வார்கள்.

பெயரோ அழகு. செய்ததோ பசி தீர்த்தது. இதைவிட நல்ல பெயர் வேறு உண்டா?

ஏன் மறைந்தது?

மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பது பழைய வழக்கம். பேத்திக்கு அந்தப் பெயரை வைத்தாலும், 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள். பெயர் ஏட்டில் இருந்தது, காதில் விழவில்லை. காதில் விழாத பெயர் பழசாகத்தானே தோன்றும்?

இலங்கைத் தமிழர் இன்றும் அழகான பிள்ளையை "வடிவான பிள்ளை" என்கிறார்கள். அங்கே அது பேச்சில் புழங்கும் சொல்.

கூப்பிடுங்கள்!

வடிவாம்பாள் நீளம் என்றால் 'வடிவு' போதும். மூன்றே எழுத்து. எழுதப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கும் எளிது. கேலிக்குப் பயப்பட வேண்டாம். பெயரின் பொருளைச் சொல்லிக் கொடுத்தால், பதில் சொல்லக் குழந்தைக்கே தெரியும்.

சான்றிதழில் எழுதினால் மட்டும் போதாது. வாய் நிறையக் கூப்பிட வேண்டும். பாட்டி இருக்கும்போதே "வடிவு!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். இரண்டு முகங்கள் திரும்பும்; இரண்டும் சிரிக்கும்.