யாரும் சாகாத கதை

ஒரு ரப்பரில் தொடங்குகிறது கதை. பள்ளி மாணவன் ஆவோகி, பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ரப்பர் கடன் வாங்குகிறான். அவள்மேல் அவனுக்கு ஒரு கண். ரப்பரைத் திருப்பினால் 'இடா' என்று முன்னிருக்கைப் பையனின் பெயர், பக்கத்திலேயே ஒரு இதயம். நொந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது இடாவே அதைப் பார்த்துவிடுகிறான். ரப்பர் ஆவோகியுடையது என்று நினைத்துக்கொள்கிறான். அந்தப் பெண்ணைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் ஆவோகியும் வாயை மூடிக்கொள்கிறான்.

'மை லவ் மிக்ஸ்-அப்' என்று ஆங்கிலத்தில் கிடைக்கும் இந்த மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, வதாரு ஹினேகுரே எழுத, அருகோ வரைந்தார். ஜப்பானில் 2019 முதல் 2022 வரை தொடராக வந்தது. பிடித்தவரின் பெயரை ரப்பரில் எழுதி, யார் கண்ணிலும் படாமல் தேய்த்துத் தீர்த்தால் காதல் கைகூடும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கை. நமக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஃப்ளேம்ஸ். இரண்டு பெயர்களிலும் பொதுவான எழுத்துகளை அடித்துவிட்டு, மிச்சத்தை எண்ணினால் ஃப்ரெண்டா, லவ்வா, எனிமியா என்று தெரிந்துவிடும். அதில் இரண்டு பையன்களின் பெயரைச் சேர்த்துப் போட்டால் அது கேலிக்குத்தான்.

இடா கேலி செய்யவில்லை. நம் படமாக இருந்தால் இந்த இடத்தில் காமெடி நடிகர் இடுப்பை வளைத்துக்கொண்டு வந்திருப்பார். அப்படி எத்தனை படம் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இடாவோ, ஒருவன் தன்னை விரும்புகிறான் என்றால் யோசித்துப் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறான். யோசிக்க யோசிக்க இருவரும் நண்பர்களாகிறார்கள். பொய்யாகத் தொடங்கியது மெய்யாகிக்கொண்டே போகிறது.

புத்தகங்களை எனக்குக் கொடுத்தவள் பிளஸ் டூ படிக்கும் அக்கா மகள். முதல் தொகுதியை முடித்ததும் அவளிடம் கேட்டேன்: "கடைசியில எவன் சாவான்?"

"எதுக்கு மாமா சாகணும்? எக்ஸாம் எழுதுவானுங்க."

என் கேள்விக்குக் காரணம் உண்டு. நாம் ஆண்களின் அன்பைக் கொண்டாடாதவர்கள் அல்லர். ஆனால் அதற்கு ஒரு பிணத்தை ஜாமீன் கேட்போம். பிள்ளைகளோடு பகைத்து வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், கண்ணாலேயே பார்த்திராத பிசிராந்தையாருக்குப் பக்கத்தில் இடம் வைக்கச் சொல்கிறான். அவரும் பாண்டிய நாட்டிலிருந்து வந்து உடன் உயிர் விடுகிறார். கூடவே சாக நின்ற பொத்தியாரை மட்டும், மகன் பிறந்த பிறகு வா என்று அனுப்பிவைக்கிறான். எனக்கென்னவோ அந்தப் பொத்தியார்மேல்தான் இரக்கம். 'தளபதி'யில் தேவா செத்தபின்தான் சூர்யாவின் நட்பு காவியமாகிறது. 2020இல் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பின் 'தங்கம்' படத்தில், சிறுவயது நண்பன்மேல் காதல் வைத்த திருநங்கை சத்தாரையும் சாகடித்துத்தான் நம்மை அழவைத்தார்கள்.

ஜப்பானும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது. மோட்டோ ஹாகியோ 1974இல் வரைந்த 'தாமஸின் இதயம்', பையன்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் மாங்காக்களுக்கு முன்னோடி. ஜெர்மனியில் ஒரு விடுதிப் பள்ளி. முதல் சில பக்கங்களிலேயே தாமஸ் என்ற பையன் பாலத்திலிருந்து விழுந்து இறந்துவிடுகிறான். ஆவோகியின் பெரிய கவலையோ, அனுப்பிய செய்திக்கு இன்னும் பதில் வரவில்லையே என்பதுதான். இந்தச் சாதாரணத்துக்கு வந்து சேர அவர்களுக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

எங்கள் ஐயம்பேட்டையில் மாலை வேளையில் வாலாஜாபாத் சாலைப் பக்கம் நில்லுங்கள். பள்ளி விட்ட பையன்கள் தோள்மேல் கை போட்டு, விரல் கோத்து, ஒரே சைக்கிளில் மூன்று பேராகப் போவார்கள். தறியில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடும் பெரியவர்கள்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு நட்பு வேறொன்றாக மாறினால் என்ன ஆகும்? யாரும் அவனைக் கேட்கப்போவதில்லை. மருத்துவரிடமோ மந்திரிப்பவரிடமோ கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்படி 'குணப்படுத்த' முயல்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை விதித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. தனக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து தீர்ப்பெழுதினார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இடா செய்ததும் கிட்டத்தட்ட அதுதானே. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களிலேயே இதைப் பேசிப் பெற்றோருக்குப் புரியவைக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவு சொல்கிறது. எங்கள் பக்கத்தில் அந்தக் கூட்டம் மதிப்பெண்ணில் தொடங்கி மதிப்பெண்ணிலேயே முடியும். அடுத்த கூட்டத்துக்கு அக்காவோடு நானும் போவதாக இருக்கிறேன். கையில் முதல் தொகுதி இருக்கும். யாராவது ஓர் அப்பா வாங்கிப் புரட்டினாலும் சரி.