வலிமையா, தூய்மையா?

லேசர் என்றதும் மாணவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "இரும்பைக்கூட அறுத்துவிடும்!" 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியது முதலே இந்த வியப்பு தொடர்கிறது. அறுப்பது உண்மையே. ஆனால் லேசரின் பெருமையை அதன் வலிமையைக் கொண்டு அளப்பது தவறு என்பது என் கருத்து. தூய்மையைக் கொண்டே அளக்க வேண்டும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். திருவிழா ஒலிபெருக்கியின் முன் அதன் ஒலி எம்மாத்திரம்? எனினும் ஒத்ததிர்வுச் சோதனைக்கு அதைத்தானே எடுக்கிறோம்! அது ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் ஒலிப்பதுதான் காரணம்.

லேசர் ஒளிக்கும் ஒரே அதிர்வெண்தான் என்று நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. 30 செ.மீ. நீளமுள்ள ஹீலியம்-நியான் குழாயில், இரு கண்ணாடிகளுக்கிடையே பொருந்தும் அதிர்வெண்கள் 50 கோடி ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. அவற்றுள் இரண்டு மூன்று ஒருசேர எழுவதுண்டு. படிக லேசரில் தொல்லை இன்னும் அதிகம். முன்னும் பின்னும் செல்லும் ஒளி நிலை அலையாகிறது. அதன் கணுக்களில் உள்ள அணுக்களின் ஆற்றல் செலவாகாமல் கிடக்கிறது. அந்த மிச்சத்தை உண்டு வேறோர் அதிர்வெண் தலைதூக்கிவிடும்.

1985-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் கேன், ராபர்ட் பையர் இருவரும் இதற்குக் கண்ட வழி அழகானது. நியோடிமியம் சேர்ந்த யாக் படிகம் ஒன்றின் முகங்களையே அவர்கள் கண்ணாடிகளாக்கினார்கள். ஒளி படிகத்துக்குள்ளேயே வளையமாகச் சுற்றும். அருகில் வைத்த காந்தத்தின் உதவியால் அது ஒரே திசையில்தான் சுற்றும். எதிரே வரும் அலை இல்லை. ஆகவே கணுவும் இல்லை. ஓங்கி நிற்கும் அதிர்வெண்ணே ஆற்றல் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. தனிக் கண்ணாடிகள் இல்லாததால் அவை அசையுமோ என்ற அச்சமும் இல்லை. பின்னாளில் வந்த படிகங்கள் விரல்நுனி அளவே. அவற்றின் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 282 லட்சம் கோடி முறை அதிர்கிறது. அதில் பிசகு சில ஆயிரம் ஹெர்ட்ஸ்தான்!

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ நிலையங்கள் ஈர்ப்பு அலையை முதன்முதலாகப் பதிவு செய்தன. 4 கி.மீ. நீளக் கைகளில் ஏற்பட்ட மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த ஒளிக்கு விதை இத்தகைய ஒரு படிகமே. அதன் திறன் 2 வாட் அளவு. வலிமை சேர்த்தவை பின்னால் வைத்த பெருக்கிகள்.

"விண்மீன் சங்கதியால் நமக்கென்ன?" என்பீர்கள். 2018-இல் ஏவப்பட்ட கிரேஸ்-எஃப்ஓ செயற்கைக்கோள்கள் இரண்டும் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் பறந்தபடி, பூமியின் ஈர்ப்பில் நேரும் மாற்றங்களை அளந்தன. நிலத்தடி நீர் குறைந்தால் ஈர்ப்பும் சற்றே குறையுமல்லவா? நுண்ணலைக் கருவியோடு, சோதனையாக, ஒற்றை அதிர்வெண் லேசரும் அந்த இடைவெளியை அளந்தது. நுட்பத்தில் அது நுண்ணலையை மிஞ்சியது. கிணறு வற்றும் நாட்டில் இது பிறர் சங்கதியா?

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அங்கே பணிபுரியப் போகிறவர்கள் இன்று பள்ளியில் இருப்பவர்களே. ஆனால் நம் அறிவியல் கண்காட்சிகளிலோ, பலூனை உடைக்கும் லேசருக்குத்தான் கூட்டம். அடுத்த முறை அதன் பக்கத்தில் ஒரு மைக்கல்சன் குறுக்கீட்டுமானியையும் வையுங்கள். மேசையை ஒரு விரலால் அழுத்தினாலே திரையில் பட்டைகள் நகர்வதைக் காணலாம்.