தோல் கழலை நோயும் எல்லைச் சாவடி நம்பிக்கையும்

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோர ஊர்களில் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் காணும்போதெல்லாம், அது தமிழகத்திலிருந்து லாரியில் வந்தது என்றும், வாளையாறு, கோபாலபுரம், குமுளி, கம்பம்மெட்டுச் சாவடிகளை இறுக்கிவிட்டால் நின்றுவிடும் என்றும் சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது என்பதே அதன் கேடு. அந்தப் பாதி உண்மையின் நிழலில் மீதிப் பிழை கேள்வியின்றிப் பிழைத்து வருகிறது.

இந்நோயை உண்டாக்கும் வைரஸ், ஆடுகளுக்கு அம்மை உண்டாக்கும் வைரஸ்களோடு காப்ரிபாக்ஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. 1929-ல் இன்றைய ஜாம்பியாவில் முதன்முதலாகக் காணப்பட்டபோது நச்சுச்செடி மேய்ந்ததன் விளைவாக அது கருதப்பட்டது. தொற்றுநோய்தான் என்று தெளிவுபெற 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 2019 ஆகஸ்டில் ஒடிசாவில் கண்டறியப்பட்ட அந்நோய், 2022-ல் ராஜஸ்தானையும் குஜராத்தையும் வடமாநிலங்கள் பலவற்றையும் வாட்டியபோது, அரசுக் கணக்கின்படியே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. மனிதருக்கு அது தொற்றுவதில்லை. காய்ச்சிய பாலைக் குடிக்கத் தயங்க வேண்டியதுமில்லை.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நோய் புதிய நிலத்துக்குப் போவது பெரும்பாலும் மாடு ஏற்றிய வண்டியில்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வண்டியைச் சாவடியில் நிறுத்திப் பார்ப்பவரின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டாக வேண்டும். வைரஸ் உடலில் புகுந்து காய்ச்சல் தொடங்கச் சோதனைகளில் 4 முதல் 14 நாட்கள் ஆகின்றன. உலக விலங்கு சுகாதார அமைப்பு தன் விதிகளில் இந்த நோயரும்பு காலத்தை 28 நாட்களாகக் கொள்கிறது. இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள கெட்டியான கட்டிகள் தோலில் எழுவதும், தோள்பட்டைக்கு முன்னுள்ள நிணநீர்க் கட்டி வீங்குவதும், பால் வற்றுவதும் அதற்குப் பிறகே. சந்தையில் வாங்கிய மாடு அன்றே எல்லை தாண்டிவிடுவதால், தொற்றுள்ள மாடும் பளபளக்கும் தோலோடும் சரியான சான்றிதழோடும் சாவடியைக் கடந்து, பத்து நாள் கழித்துத் தொழுவத்தில் கட்டிகளைக் காட்டும்.

அதன் பின் வேலையை ஏற்றுக்கொள்வது கடி ஈ. பார்வைக்கு வீட்டு ஈயைப் போலவே இருக்கும் இது, மாட்டின் கால்களில் அமர்ந்து ஊசி போன்ற வாயால் குத்தி இரத்தம் உறிஞ்சுகிறது. குத்து வலிப்பதால் மாடு காலை உதற, அரைவயிற்றோடு எழுந்து அடுத்த மாட்டின் மேல் அமர்ந்து, வாயில் ஒட்டிய வைரஸை அங்கே இறக்குகிறது. சாணமும் மூத்திரமும் ஊறி மட்கும் வைக்கோலில்தான் அது முட்டையிடும். கொசுவுக்கும் உண்ணிக்கும் நோய் பரப்புவதில் பங்குண்டு. இங்கிலாந்தின் பிர்பிரைட் நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு ஆய்வு, பூச்சிகள் வைரஸைப் பெரிதும் பெறுவது கட்டிகள் எழுந்த மாடுகளிடமிருந்தே என்று காட்டியது. அவ்வாறாயின் நோயை மறிக்க வேண்டிய இடம் கட்டி எழும் தொழுவமே; கட்டி எழுமுன் மாடு கடந்துவிடும் சாவடி அதற்கு உரிய இடமாகாது.

எல்லையின் இயல்பும் இந்த நம்பிக்கைக்கு இடம் தருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகிநிற்கும் பாலக்காட்டுக் கணவாயில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து உழவர்களுக்கு உறவும் கொள்வினையும் இருபுறமும் உண்டு. சாவடி இறுகினால் மாடுகள் ஊடுவழிக்கு மாறும், அப்போது பார்வையும் போய் பதிவும் போய்விடும். பொள்ளாச்சிச் சந்தை மாடுகளின்றிப் பாலக்காட்டுத் தொழுவங்கள் நிறையா என்பதால், வணிகத்தை நிறுத்துவதும் நடவாத காரியம். நோயுற்ற காளையின் விந்திலும் வைரஸ் வெளிப்படும் என்பதால், கேரளத்தின் மாட்டுப்பட்டியிலும் தோணியிலும் விந்து சேகரிக்கும் காளை நிலையங்கள் சாவடியை நம்பாமல், தனிமைப்படுத்தலையும் பரிசோதனையையும் நம்பியே நடத்தப்படுகின்றன. விலைமதிப்புள்ள காளைக்கு அறிவியல் முறையும், தேயிலைத் தோட்ட லயத்தின் பின்புறம் ஒற்றைப் பசு வளர்க்கும் தொழிலாளிக்குச் சாவடிக் கம்பமும் என்பது நியாயமான ஏற்பாடன்று.

தடுப்பூசி என்னும் மாற்று வழி எங்கும் சோதிக்கப்படாததன்று. 2015-ல் கிரேக்கத்தில் புகுந்து பால்கன் நாடுகளில் பரவிய இந்நோய், நாடுகளின் எல்லைகளை மதிக்காமல் 2016-ல் 7,483 இடங்களில் வெடித்தது. அந்நாடுகள் சேர்ந்தாற்போல மாடுகள் அனைத்துக்கும் தடுப்பூசி போட்டபின், 2017-ல் அந்த எண் 385-ஆகச் சரிந்தது. மற்ற எந்த நடவடிக்கையைவிடவும் தடுப்பூசிக்கே பலன் அதிகம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கணித்திருந்தது மெய்யாயிற்று. இந்தியாவில் ஆட்டம்மைத் தடுப்பூசி மாடுகளுக்குப் போடப்பட்டு வருகிறது. ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம், இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய லம்பி-ப்ரோவேக்இண்ட் 2022 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. நான்கு மாதம் நிரம்பாத கன்றுகளுக்கு ஊசி போடப்படுவதில்லை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் காப்பில்லாத கன்றுகள் மந்தையில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு முறை போட்டோம், முடிந்தது என்று இருக்க இந்நோய் விடாது.

நோய் வெளியிலிருந்தே வருகிறது என்று நம்புபவர், மாடு வாங்காத ஆண்டில் தமது மந்தைக்கு ஊசி தேவையில்லை என்று எண்ணிவிடுகிறார். நோய் கண்டவரோ, ஊருக்குள் கொண்டுவந்தவர் என்ற பழிக்கு அஞ்சி மறைக்கிறார். அந்த மறைவில்தான் ஈக்களுக்கு நாட்கள் கிடைக்கின்றன. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழையும், தேனிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழையும் பூச்சிகளைப் பெருக்கும் காலங்கள் வேறுவேறாக இருப்பதால், இரு மாநிலக் கால்நடைத் துறைகளும் சேர்ந்து அமர்ந்து ஒரே நாட்காட்டியை வகுத்து எல்லையின் இருபுறமும் மழைக்கு முன் ஊசி போட்டு முடிக்க வேண்டும். மாடு வாங்குபவர், ஊசி போட்டு 28 நாட்கள் கடந்த மாட்டையே வாங்கட்டும். முடியாதபோது வாங்கிய மாட்டை அத்தனை நாட்கள் கொசுவலைக்குள் தனியே கட்டட்டும். முதல் கட்டியைக் கண்ட அன்றே பக்கத்து மருந்தகத்துக்குத் தகவல் சொல்லட்டும்.