வென்றவன் கட்டும் கமிஷன் யார் வீட்டுப் பணம்?

தோற்றவனிடம் காலணா கேட்பதில்லை, வென்றவனிடம் மட்டுமே கமிஷன் வாங்குகிறோம் என்று ஒரு வியாபாரம் தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறது. கேட்பதற்கு நியாயம் போலத்தான் தோன்றும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஆன்டாப் ஹில்லிலும் வாழும் நம் உழைக்கும் குடும்பங்கள் இந்த நியாயத்தை உரசிப் பார்க்க வேண்டும். ஏனெனில் இதே கணக்கைக் காட்டும் செயலிகள் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் வந்துவிட்டன.

இதன் பிறப்பிடம் இங்கிலாந்து. 2000-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே என்னும் இருவர் பெட்ஃபேர் என்ற பெட்டிங் எக்ஸ்சேஞ்சைத் தொடங்கினர். இங்கே புக்கி இல்லை. இந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஒருவர் பணம் வைப்பார். ஜெயிக்காது என்று இன்னொருவர் எதிரே வைப்பார். இருவரையும் சேர்த்துவைப்பது மட்டுமே சந்தையின் வேலை. எந்தக் குதிரை ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை. வென்றவரின் ஆதாயத்தில் ஒரு பங்கு அதற்குக் கமிஷன். நெடுங்காலம் அடிப்படை விகிதம் 5 சதவீதமாக இருந்தது.

ஐந்துதானே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர் தலைக்கு 100 ரூபாய் வைத்துச் சரிக்குச் சரி 20 முறை பந்தயம் கட்டுகிறார்கள். ஆளுக்குப் பத்து வெற்றி, பத்துத் தோல்வி. வெற்றிக்கு 95 ரூபாய் வீதம் 950 வருகிறது. தோல்விக்கு 100 வீதம் 1000 போகிறது. இருவரும் சமமாக ஆடியும் ஆளுக்கு 50 ரூபாய் நட்டம்! வென்றவன் மட்டுமே கட்டினான் என்கிறார்கள். வென்றவன் அந்தப் பணத்தை எங்கிருந்து கொண்டுவந்தான்? தோற்றவன் சட்டைப்பையிலிருந்துதானே! வசூல் ஆகும் இடம் வென்றவன் கை. பணம் புறப்படும் இடம் தோற்றவன் வீட்டு அடுப்படி.

சரி, திறமைசாலி பிழைத்துக்கொள்வான் அல்லவா என்று கேட்பவர் உண்டு. குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-இல் சட்டம் இயற்றியது. 1996-இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று கூறியது. அந்தத் திறமைக்குச் சந்தை தரும் மரியாதை என்ன? தொடர்ந்து வென்றுவருவோர் மீது பெட்ஃபேர் 2008-இல் தனிக்கட்டணம் விதித்தது. ஆதாயத்தில் 20 சதவீதம் வரை. மிகப் பெரிய ஆதாயம் பார்த்தவர்களுக்கு 2011-இல் அது 60 சதவீதம் வரை உயர்ந்தது. பின்னாளில் பெயரும் விகிதமும் மாறின, கொள்கை மாறவில்லை. காரணம் எளிது. விடாமல் வெல்பவன் குளத்து நீரை வேகமாக இறைத்துவிடுவான், தோற்பவர்கள் சீக்கிரம் வெறுங்கையோடு வெளியேறிவிடுவார்கள், சந்தை வற்றிவிடும். திறமை இருக்கிறதா, வா என்கிறார்கள். திறமையைக் காட்டினால் தண்டம் என்கிறார்கள்!

இந்தப் பணத்தில் ஒரு பகுதி பந்தயத் தொழிலுக்குப் போவது உண்மை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே லெவி போர்டு ஒன்று உண்டு. பெட்ஃபேர் தன் உரிமத்தை 2011-இல் ஜிப்ரால்டருக்கு மாற்றிக்கொண்டு சட்டப்படியான லெவிக்கு வெளியே நின்றது. வெளிநாட்டிலிருந்து நடத்தினாலும் தப்ப முடியாதபடி 2017-இல் விதி வந்தது. பிரிட்டிஷ் பந்தயங்களில் கிடைக்கும் மொத்த லாபத்தில் முதல் 5 லட்சம் பவுண்டு நீங்கலாக மீதியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். 2023-24-இல் இந்த வசூல் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. பரிசுத்தொகை, குதிரை மருத்துவம், மோசடித் தடுப்பு எல்லாவற்றுக்கும் இது உதவுகிறது. லாயத்தில் உழைப்பவரின் கூலியும் இந்தத் தொழிலை நம்பியே இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சந்தைக்குச் சேரும் கமிஷன் 100 என்றால் குதிரைக்குப் போவது 10-தான். பந்தயத்தை வாழவைக்கிறோம் என்று ஊருக்குச் சொல்வது அந்தப் பத்தைக் காட்டித்தான்.

நம் மகாலட்சுமி மைதானத்தில் கதை வேறா? அங்கே டோட்டும் புக்கியும். டோட்டில் சேரும் பணத்தில் பிடித்தம் போகத்தான் மீதி வென்றவர்களுக்கு. ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வென்ற பணத்துக்கு 30 சதவீத வருமான வரி. நேற்றுத் தோற்றதை இன்று வென்றதில் கழித்துக் காட்டவும் வழியில்லை. சட்டப்படி நடக்கும் இடத்திலேயே இப்படி!

சட்டத்துக்குப் புறம்பான செயலிகளோ எக்ஸ்சேஞ்ச் வேடம் போட்டு வருகின்றன. மகாதேவ் உள்ளிட்ட 22 செயலிகளையும் இணையதளங்களையும் மத்திய அரசு 2023 நவம்பரில் முடக்கியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. அந்தச் செயலிகளில் லெவியும் இல்லை, கேள்வி முறையும் இல்லை. வென்ற பணம் வராவிட்டால் எந்தக் காவல் நிலையத்தில் போய்ச் சொல்வது?

ஆகவே நாம் கேட்பது இதுதான். பந்தயம் நடத்துவோர், 100 ரூபாயில் வரிக்கு எவ்வளவு, கிளப்புக்கு எவ்வளவு, லாயத் தொழிலாளிக்கு எவ்வளவு என்று டிக்கெட் ஜன்னலிலேயே தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒட்டட்டும். குதிரை வளர்ப்பது செல்வர்களின் ஆசை என்றால் அதன் செலவைச் செல்வர்களே சுமக்கட்டும்.

வாசகத் தோழர்களே, தாய்மார்களே! ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், சீட்டுக்குக் கட்ட வேண்டிய பணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், இவை மூன்றும் அந்த 5 சதவீதத்தின் வழியே சொட்டுச் சொட்டாக வடிந்துவிடும். பந்தயத்தில் வென்ற ஒருவனைக் காட்டி உங்களை அழைப்பார்கள். கமிஷன் பெட்டி எவ்வளவு நிறைந்தது என்று அவர்களிடம் திருப்பிக் கேளுங்கள்.