பாட்டு நம்மளுது, பேரு யாரோடது?

'மைக்கேல் ஜாக்சனா? அது ஏகாதிபத்தியக் குப்பை தோழர்' என்று தொண்ணூறுகளில் இடதுசாரி நண்பர்கள் பலர் சொல்வார்கள். இன்று நம் காலனிப் பிள்ளைகள் வேறு மாதிரி பேசுகிறார்கள். 'நம்ம ஆளே ஸ்டேடியம் ஏறிப் பாடிட்டாருண்ணே, இன்னும் என்னா வேணும்?' இரண்டு பேச்சும் எனக்கு ஒப்பவில்லை. முதல் பேச்சு அடித்தட்டு மக்களின் கொண்டாட்டத்தையே சந்தேகிக்கிறது. இரண்டாவது பேச்சு மேடையையே விடுதலை என்று நம்பிவிடுகிறது. மைதானத்துக்குள் யார் பாடினார் என்பது பாதிக் கேள்விதான். மைதானம் யார் கையில் இருக்கிறது, யாருக்கு வரி தள்ளுபடி, பாட்டின் மேல் யார் பெயர், வருகிற காசு யார் பையில் என்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியை நாம் பேசுவதே இல்லை.

1996 செப்டம்பரில் பிராக் நகரில் தொடங்கி 1997 அக்டோபரில் டர்பனில் முடிந்தது ஜாக்சனின் 'ஹிஸ்டரி' உலகச் சுற்றுப்பயணம். 82 நிகழ்ச்சிகள், சுமார் 45 லட்சம் பார்வையாளர்கள். அதில் ஒன்று 1996 நவம்பர் 1 அன்று மும்பை அந்தேரி விளையாட்டு மைதானத்தில் நடந்தது. அழைத்து வந்தது யார்? மராட்டிய இளைஞர்களுக்கு வேலை தேடித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ராஜ் தாக்கரே நடத்திய சிவ உத்யோக் சேனா. தென்னிந்தியர்களை விரட்டு என்று 1966இல் கிளம்பிய, 1974இல் வொர்லியில் தலித் பேந்தர்களோடு மோதிய, இந்துப் பண்பாட்டுக்குக் காவல் நிற்பதாகச் சொல்லிக்கொண்ட அதே சிவசேனாவின் கிளைதான் இது. ஆட்சியில் இருந்த சிவசேனா – பாஜக அரசு நிகழ்ச்சிக்குக் கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்தது. நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2021இல் உத்தவ் தாக்கரே முதலமைச்சராக இருந்த அமைச்சரவை 3.36 கோடி ரூபாய் வரியை மறுபடியும் தள்ளுபடி செய்து கணக்கை முடித்தது.

இங்கே நம் ஊரில் ஏப்ரல் 14க்கு ஒரு ஒலிபெருக்கி வைக்கக் காவல் நிலையப் படியை எத்தனை முறை ஏறி இறங்குகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். 'அந்தத் தெரு வழியா போகாதே, பத்து மணிக்கு நிறுத்து, பறை அடிக்காதே' என்று எத்தனை நிபந்தனை! பண்பாட்டுக்கு ஆபத்து என்ற பேச்சு ஆளைப் பார்த்துத்தான் வரும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஜாக்சன் பால் தாக்கரேயின் வீட்டுக்குப் போனார், அங்கே கழிவறையைப் பயன்படுத்தினார். அதைத் தாக்கரே பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உலகப் புகழ் பெற்ற கறுப்பர் உட்கார்ந்த கழிவறை ஒரு பெருமை. அந்த மும்பை மாநகரத்தின் கழிவறைகளையும் சாக்கடைகளையும் தலைமுறை தலைமுறையாகக் கழுவுகிறவன் மட்டும் தீட்டு.

அந்த நிகழ்ச்சி நடந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 1997 ஜூலை 11. காட்கோபர் ரமாபாய் நகரில் அண்ணல் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டிருந்ததைக் கண்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். அதே அரசு, அதே நகரம். அந்தச் சாவுகளைத் தாங்க முடியாமல் நான்கு நாள் கழித்து ஒரு பாடகர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விலாஸ் கோக்ரே. குடிசைவாழ் மக்களுக்காகத் தெருத்தெருவாகப் பாடிய தலித் கவிஞர். ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011) படம் அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பாடகருக்கு வரித் தள்ளுபடி செய்த அரசின் துப்பாக்கி இன்னொரு பாடகரை இப்படித்தான் நம்மிடமிருந்து பறித்தது. ஜாக்சன் வந்த நாளை நினைவுகூர்கிறவர்கள் கோக்ரேயின் பெயரைச் சொல்வதில்லை.

இதற்காக ஜாக்சனைத் தூக்கி எறிய வேண்டுமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவர் கேரி என்ற இரும்பாலை நகரத்தில், ஆலையில் கிரேன் ஓட்டிய ஒரு கறுப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1996இல் 'தே டோன்ட் கேர் அபௌட் அஸ்' பாட்டைப் படம்பிடிக்க இயக்குநர் ஸ்பைக் லீயோடு பிரேசிலுக்குப் போனார். ரியோவின் சேரியில் படம்பிடிக்கக் கூடாது, நாட்டின் மானம் போய்விடும் என்று அங்குள்ள அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். மீறித்தான் எடுத்தார்கள். சல்வடோர் நகரத்தில் அவரோடு முழங்கியது 'ஓலோடும்' என்ற கறுப்பர் முரசுக் குழு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் 1979இல் கட்டிய அமைப்பு அது. அது தன் பெயரிலேயே நின்றது, தன் பெயரிலேயே உலகத்துக்குத் தெரிந்தது. நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. பெரிய பாடகரின் வெளிச்சம் விழுந்தபோது அவர்களுக்குச் சொந்தமாக ஒரு அமைப்பும் ஒரு பெயரும் முன்பே இருந்தன.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அரக்கோணத்திலிருந்து ஆம்பூர் வரை தோல் தெரியாத சேரி உண்டா? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நம் பெண்கள் தைக்கிற ஷூ ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே கடையில் உட்காரும்போது அதன்மேல் வேறொருத்தன் பெயர் இருக்கும். தைத்தவள் பெயர் எங்கேயும் இருக்காது. தோலின் நாற்றமும் பாலாற்றின் சாயக்கழிவும் நமக்கு, பிராண்டு அவனுக்கு. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளிகள் செத்தார்களே, அந்தச் சேறு எந்த ஷூவின் விலைப்பட்டியலில் இருக்கிறது?

பாட்டுக்கும் இதே கதைதான். அறிவு நம் அரக்கோணத்துப் பிள்ளை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அவர் எழுதிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்து உலகம் சுற்றியது. அடுத்த மாதம் 7ஆம் தேதி, தேர்தல் முடிந்த மறுநாள், அரக்கோணம் பக்கத்துச் சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். மண்ணைப் பற்றிய பாட்டு உலகமெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்தபோது அந்த மண்ணில் நம் பிள்ளைகளின் ரத்தம் சிந்தியது. பாட்டால் கொலை நிற்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் பாடகி தீயின் படம் வந்தது, அறிவின் படம் வரவில்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகே அவருக்குத் தனி அட்டை. 2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கம், செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள், அறிவு மேடையில் இல்லை. மாரியம்மாள் பாடியதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அறிவு தன் உழைப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தீயும், அறிவின் பங்கைத் தாங்கள் எப்போதும் சொல்லியே வந்திருக்கிறோம், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லையென்று. சமமாகப் பிரித்தால் பூஜ்யம்தான் சமமாகப் பிரிந்திருக்கிறது!

ஆகவே 'யார் நல்லவர், யார் கெட்டவர்' என்று ஆள் பார்த்துச் சண்டை போடுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஒப்பந்தக் காகிதத்தைப் பார்க்கவேண்டும். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாட்டெழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டி உரிமையை உறுதி செய்கிறது, அதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறது. இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கானா பாடுகிறவன் செல்போனில் ஏற்றிய பாட்டை எவனோ படத்தில் போட்டுக்கொள்கிறான். 'ஐயாயிரம் வாங்கிக்கோ தம்பி, கையெழுத்துப் போடு' என்கிறான். இவனும் போடுகிறான், வேறென்ன செய்வான்? பறைக்கு இந்தச் சட்டமும் கிடையாது. தலைமுறையாக வருகிற அடிக்கு ஆசிரியர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்களில் நம்மவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். மானத்தோடு அதைத் திரும்ப எடுத்தது தலித் கலை விழாக்களில்தான். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் விருது ஒருவருக்குத்தான் கிடைக்கும், கூலி எல்லோருக்கும் வேண்டும்.

வழியும் இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடையேறியதே, அது நாமே போட்ட மேடை. அயோத்திதாசரின் சாதிபேதமற்றோர் என்ற சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டு, கானாவையும் பறையையும் ராப்பையும் சேர்த்து அங்கே பாடினார்கள். ஓலோடும் கட்டியதும் இப்படியொரு சொந்த மேடையைத்தான்.

தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் நான் வைப்பது மூன்றே வேலை. ஒன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் நம் வழக்கறிஞர்கள் சிலர் கலைஞர்களின் ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன்னால் இலவசமாகப் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டு, பாட்டையும் அடியையும் யார் கற்றுக்கொடுத்தார், எந்த ஊர் என்று கல்லூரி மாணவர்கள் பதிவு செய்யவேண்டும். மூன்றாவது நமக்குள்ளேயே செய்யவேண்டியது. நம் இயக்க மேடை நோட்டீசில் தலைவர்கள் பெயரெல்லாம் வண்ணத்தில் வருகிறது, கடைசி வரியில் 'பறையாட்டக் குழுவினர்' என்று மட்டும் போடுகிறோம். வண்டிச் சத்தம், டீ, பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஸ்டேடியக்காரனைக் கேட்கிற கேள்வியை நம்மையும் கேட்டாக வேண்டும். அடுத்த ஏப்ரல் 14 நோட்டீசில் அடிக்கிறவர் ஒவ்வொருவர் பெயரும் வரட்டும், மேடை ஏறுமுன்பே அவர் கூலி அவர் கையில் இருக்கட்டும்.